இடியின் தீர்ப்பு

கவோலாத்தே கண்களைப் பாதி மூடிக்கொண்டு தலையை முன்னும் பின்னும் வீசி ஆட்டிக்கொண்டிருந்தார். மவுன் ஊரைக் கொளுத்தும் வெயிலிலும் கறுப்புத் தோல் ஜாக்கெட், இடுப்பில் சங்கிலி, நெஞ்சில் மாட்டுக்கொம்பு. பார்க்கிறவர்களுக்கு, மனிதர் பாட்டில் அப்படியே கரைந்துபோன மாதிரிதான் இருக்கும்.

உள்ளுக்குள் அவர் வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் பாட்டு ஒரு துளிகூட விழவில்லை.

இளமை முழுக்க ஸ்பீக்கருக்கு முன்னாலேயே நின்று ஆடியதற்குக் கிடைத்த பரிசு அது. ஆஸ்பத்திரியில் கொடுத்த காதுக் கருவி ஜாக்கெட்டின் உள்பையில் தூங்கியது. ராக் கூட்டத்தில் ‘இடி’ என்று பெயரெடுத்தவர் காதில் மெஷினோடு வந்து நின்றால் ஊர் சிரிக்காதா? நல்லவேளை, அவருடைய கூட்டாளிகள் யாரும் மெதுவாகப் பேசுகிற ரகமில்லை. எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். அதனால் இதுவரை வண்டி ஓடியது.

ஞாயிறு மதியமானால் அமந்த்லேயின் மதுக்கடையில் கூடுவார்கள். வாரம் ஒருவர் தனக்குப் பிடித்த ராக் பாட்டைக் கொண்டுவர வேண்டும், அமந்த்லே அதை ஸ்பீக்கரில் போடுவாள். எல்லாரும் கேட்டுவிட்டு, மனசில் பட்டதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இன்று ஓத்ஸிலேயின் முறை. அவர் கொண்டுவந்திருந்தது தன் மகள் பாடிய முதல் பாட்டு. கச்சேரிக்கு ஆள் பொறுக்குகிற கவோலாத்தே சரி என்றால்தான் டிசம்பர் ராக் கச்சேரியில் அவளுக்கு மேடை.

“வீட்ல நான் தனியா கேக்கலைடா. உங்களோட சேந்துதான் கேக்கணும்னு வெச்சிருந்தேன்!” என்று வந்ததுமே கத்தியிருந்தார் ஓத்ஸிலே.

அமந்த்லே கல்லாவிலிருந்து கையை உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போனாள். ஓத்ஸிலே தலையாட்ட ஆரம்பித்தார். பக்கத்தில் மோலெஃபே காலால் தாளம் போட்டார். கவோலாத்தே வழக்கம்போல உள்ளங்கையை மேசைமேல் வைத்தார். டிரம் அடி கையில் அதிரும், அதை வைத்து ஒப்பேற்றிவிடுவார். இன்று மேசையும் கைவிட்டது. ‘காதுதான் போச்சுன்னா கையும் மரத்துப்போச்சா, சனியனே!’ என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஓத்ஸிலேயைப் பார்த்துப் பார்த்து அவரும் தலையை ஆட்டினார்.

மோலெஃபேயின் கால் நின்றது. ஓத்ஸிலேயின் தலை நின்றது. பாட்டு முடிந்துவிட்டது போல என்று கவோலாத்தேயும் நிறுத்திக்கொண்டார்.

“யப்பா, என்ன குரல்யா அது!” மோலெஃபே மேசையைக் குத்தினார். “முதுகுல ஜிலீர்னு ஏறுது. மாட்டை வித்தாவது இந்தப் பொண்ணுக்கு ஒரு நல்ல கிட்டார் வாங்கிக் குடு!”

ஓத்ஸிலேயின் கண் கலங்கியிருந்தது. “என் பொண்ணாடா இது? இந்தக் குரலை இத்தனை நாளா எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தா? இடி, நீ சொல்லு. உன் வாயால கேக்கணும்.”

கவோலாத்தே நெஞ்சிலிருந்த மாட்டுக்கொம்பைப் பிடித்துக்கொண்டார். “கிட்டார்... நெருப்புடா. குரல் அதுக்கும் மேல. டிசம்பர்ல அவளுக்கு மேடை உண்டு. நான் சொல்றேன்.”

ஓத்ஸிலே பாய்ந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். தோல் ஜாக்கெட்டின் தோள் நனைந்தது. அதே தோளில் அந்தப் பெண்ணைத் தூக்கிவைத்துக் கச்சேரி காட்டியவர் கவோலாத்தே. அவளுடைய முதல் பாட்டுக்கே பொய் சொன்ன நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது அவருக்கு.

“விடுடா என்னை.” நண்பரை விலக்கிவிட்டு, உள்பையிலிருந்த கருவியை எடுத்து மேசைமேல் வைத்தார். “நான் பாட்டைக் கேக்கவே இல்லை. எனக்குக் காது போயி ரெண்டு வருஷம் ஆச்சு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உங்க தலையைப் பாத்துதான் நான் தலையாட்டினேன். ஏமாத்திட்டேன்டா. காறித் துப்புங்க.”

சிரிப்பு வெடிக்கும் என்று எதிர்பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. மோலெஃபே தன் கிளாசுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஓத்ஸிலே தலையைக் குனிந்துகொண்டார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், முகத்தைத் திருப்பிக்கொள்கிற அளவுக்கு வெறுத்துவிட்டார்களே என்று நொந்துபோனார் கவோலாத்தே.

கருவியை எடுத்துக் காதில் மாட்டினார். மின்விசிறி கிறீச்சிடுவது கேட்டது. வெளியே கழுதை கத்துவதும் கேட்டது.

“அமந்த்லே! அந்தப் பாட்டை மறுபடியும் போடும்மா. இந்தத் தடவை நெஜமாவே கேக்கறேன்!”

உள்ளேயிருந்து ஒரு புது வயரைப் பிரித்துக்கொண்டே ஓடிவந்த அமந்த்லே, மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மறுபடியுமா? நான் இன்னும் ஒரு தடவைகூடப் போடலையே, மாமா!”