மண்ணில் வைத்த ஆர்க்கிட்

"இதுவும் அழுகிப் போச்சா?"

வீட்டுக்குப் பின்னால் இருந்த பசுமைக் குடிலின் கதவைத் தள்ளிக்கொண்டு கேட்டாள் மனைவி.

அவர் தொட்டியிலிருந்து ஆர்க்கிட்டைப் பிடுங்கினார். வேரெல்லாம் கூழாகியிருந்தது.

ஓய்வு பெற்ற வெல்டர் அவர். இரும்புக் குழாயை வளைத்து, நிழல்வலை கட்டி, சாரல் மாதிரி தண்ணீர் தெளிக்கக் குழாய் இழுத்து, ஒற்றை ஆளாகக் குடிலைக் கட்டியிருந்தார். ஒரு போல்ட் கோணினாலும் கழற்றி மாட்டுகிற மனுஷன், செடியை மட்டும் களிமண்ணில் புதைத்தார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள். "அண்ணே, எத்தனை தடவை சொல்றது? ஆர்க்கிட்டுக்கு மண்ணு ஆகாது. கரித்துண்டும் செங்கல் துண்டும் போடுங்க. வேருக்குக் காத்து வேணும்."

"சரிம்மா" என்றவர் சட்டையை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"நர்சரிக்கு. வேற செடி வாங்கணும்."

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெத்த பொண்ணு பிடிச்சவனைக் கட்டிக்கிட்டுப் போனா. எங்க இருக்கா, சாப்பிட்டாளான்னு தெரியல. அவ பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு என் வாயைக் கட்டிட்டீங்க. உங்களுக்குப் பூ கேக்குதா, பூ?"

அவர் செருப்பைத் தேடினார்.

"குடுங்க அந்தச் செடியைத் தொட்டியோட. நான் போறேன். அழுகல் செடியாப் பார்த்து நம்ம தலையில கட்டுறாங்க. நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

"நீ... நீ எதுக்கு?"

அதற்குள் அவள் தெருவில் இறங்கிவிட்டாள். நர்சரியின் விலாசம் தொட்டியிலேயே ஒட்டியிருந்தது.

பஸ்ஸில் முன்னால் நின்ற பெண்ணின் பின்னலைப் பார்த்து, மகளோ என்று வழக்கம்போல ஒரு நொடி ஏமாந்தாள்.

நர்சரியில் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தாம்மா!" என்று அதட்டினாள்.

திரும்பியவளின் கையிலிருந்து குழாய் நழுவியது.

"அம்மா..."

வழியெல்லாம் சேர்த்து வைத்த வசவு ஒன்றும் வாயில் வரவில்லை. மகளின் கன்னத்தைத் தடவினாள். இளைத்திருந்தாள்.

"இங்கேயாடி இருக்கே? அப்பா இங்கதானே..."

"குடில் கட்டும்போது வலைக்கு ஒரு தடவை, குழாய்க்கு ஒரு தடவைன்னு வந்துக்கிட்டே இருந்தார்மா. கட்டி முடிச்சதும் கேக்க ஒண்ணும் இல்லாமப் போச்சு. இப்போ செடி செத்துப் போச்சுன்னு வர்றார். எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டார். 'எதுல வைக்கணும்?'னு மட்டும்தான் கேப்பார். கரித்துண்டுலன்னு சொல்லுவேன். தலையாட்டிக் கேட்டுட்டு, அந்த ஸ்டூல்ல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போவார்."

"அவருக்கு அது நல்லாத் தெரியுமேடி!"

"எனக்கும் தெரியும்மா." மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதான் ஒவ்வொரு தடவையும் புதுசாச் சொல்றேன்."

அம்மா அழுகிய செடியைக் கீழே வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒரு செடி குடு" என்றாள். "அதை எதுல வைக்கணும்?"