சிநேகிதியின் மகன்

“இது எனக்கில்லைப் பிள்ளை. என்ரை சிநேகிதி ஒருத்திக்குத்தான் பிரச்சினை. அவவுக்கு இஞ்சை வர வெக்கம். அதுதான் நான் வந்தனான்.”

சறோஜினிதேவி கூசாமல் பொய் சொன்னார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த உளவளத்துணையாளர் நிலாந்தி, “சொல்லுங்கோ அன்ரி” என்று சிரித்தாள். பல்வரிசை நல்ல வடிவு என்று சறோஜினிதேவி மனதுக்குள் முதல் புள்ளியைப் போட்டுக்கொண்டார்.

விசயம் இதுதான். அவருடைய ஒரே மகன் பிரவீனன் முப்பது கடந்தும் வந்த சம்பந்தங்களை எல்லாம் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தான். கடைசியாகத் தரகர் ஏரம்பு, “சரவணை ஊர்ப் பக்கம் ஒரு நல்ல பிள்ளை. வேலணையிலை உளவளத்துணை வேலை. ஒருக்கா ரகசியமாய்ப் போய்ப் பாருங்கோவன்” என்று காதைக் கடித்திருந்தார்.

சாதகம் கைமாறுவதற்கு முன்னால் பெண்ணைக் கோயிலிலோ வேலைத்தலத்திலோ அவளுக்கே தெரியாமல் பார்த்துவிடுவது ஊர் வழக்கம். ஆனால் இந்தப் பெண்ணின் அறைக்குள் பிரச்சினை இல்லாமல் நுழைய முடியாதே. மகனிடம் கண் கிளினிக் என்று சொல்லிவிட்டு, அவன் வேலைக்குப் போன படகுக்கு அடுத்த படகில் நயினாதீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்து, பஸ் பிடித்து, வேலணையில் அவன் வேலை செய்யும் கட்டடத்தைக் குடையால் முகத்தை மறைத்தபடி கடந்து வந்திருந்தார்.

“சிநேகிதியின்ரை மகன் அவ சொல்லுறது ஒண்டும் கேக்கிறானில்லை. கலியாணம் எண்டாலே வேண்டாமாம்.”

“அவ எப்பிடிக் கேக்கிறவ?”

“எப்பிடிக் கேக்கிறது? ‘வாற வெள்ளிக்கிழமை பொம்பிளை பாக்கப் போறம், நீலச் சேர்ட்டைப் போடு’ எண்டுதான்.”

நிலாந்தி ஒரு தாளில் மூன்று வட்டங்கள் கீறினாள்.

“ஒவ்வொருத்தருக்குள்ளையும் மூண்டு பேர் இருக்கினம் அன்ரி. அதட்டுற, பொத்திப் பொத்தி வளக்கிற பெற்றோர் ஒராள். நிதானமாய் யோசிச்சுக் கதைக்கிற வளர்ந்தவர் ஒராள். அடம்பிடிக்கிற பிள்ளை ஒராள். சிநேகிதிக்குள்ளை இருக்கிற பெற்றோர் அதட்ட, மகனுக்குள்ளை இருக்கிற பிள்ளை ‘வேண்டாம்’ எண்டுது. வளர்ந்தவரோடை ஆரும் இன்னும் கதைக்கேல்லை.”

சறோஜினிதேவிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வந்த வேலையை அவர் மறக்கவில்லை. பெண்ணின் பொறுமையையும் பார்த்துவிடலாம் என்று குரலை உயர்த்தினார்.

“நாலு எழுத்துப் படிச்சிட்டு எங்களுக்கே பிள்ளை வளக்கப் படிப்பிக்கிறீரோ?”

நிலாந்திக்குக் கோபம் வரவில்லை. “இப்ப கதைச்சது அந்த மூண்டு பேரிலை ஆர் அன்ரி?” என்று மெதுவாகக் கேட்டாள்.

சறோஜினிதேவி மடியிலிருந்த குடையை நேராக்கிக்கொண்டார். பொறுமைக்கு முழுப் புள்ளி.

“இன்னொண்டு கேக்கிறன். உங்கட சிநேகிதி இப்பவும் மகனுக்கு மீன் முள்ளு எடுத்துக் குடுக்கிறவவோ?”

சறோஜினிதேவி திடுக்கிட்டார். முதல்நாள்தான் விளைமீனில் முள்ளெடுத்து மகனின் தட்டில் வைத்திருந்தார்.

“இதெல்லாம் உங்கட புத்தகத்திலை இருக்கே பிள்ளை?”

“ஓம், கிட்டத்தட்ட” என்று நிலாந்தி தலையைக் குனிந்துகொண்டாள். என்ன அடக்கமான பிள்ளை!

“சிநேகிதியிட்டைச் சொல்லுங்கோ. இனி முள்ளு எடுக்க வேண்டாம். கட்டளை போடாமல் கேள்வி கேக்கட்டும். கேட்டிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும். அதுதான் கஸ்ரம்.”

சொன்னது பலித்தால்தானே பெண்ணின் கெட்டித்தனம் தெரியும்? அன்று பின்னேரம் மகன் வேலை முடிந்து வந்ததுமே சறோஜினிதேவி சோதித்துப் பார்த்தார். “ஏன் இவ்வளவு சுணக்கம்?” என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, “இண்டைக்கு வேலை எப்பிடித் தம்பி?” என்றார்.

வழக்கமாக அறைக்குள் புகுந்து கதவைச் சாத்துகிறவன், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தன் மேலதிகாரி தும்முவதை நடித்துக் காட்டினான். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு தாயும் மகனும் ஒன்றாகச் சிரித்தார்கள். பிறகு சறோஜினிதேவி குசினிக்குள் போய் அழுதார். இவ்வளவு காலமும் இவனோடு கதைக்காமல் ஏவிக்கொண்டே இருந்துவிட்டேனே என்று நெஞ்சு வலித்தது.

அதன் பிறகு கண் கிளினிக் கிழமைதோறும் நடந்தது. பெண்ணைப் பார்க்கத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டாலும், போவது தனக்காகவும்தான் என்று அவருக்கு உள்ளூரத் தெரிந்தது.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு மத்தியானம், விளைமீனை முள்ளோடு குழம்பு வைத்து மகனுக்கு எதிரே அமர்ந்தார். இந்தப் பெண்ணையும் இவன் தட்டிவிட்டால் இப்படியொருத்தி இனிக் கிடைக்கமாட்டாள்.

“தம்பி, ஒரு பிள்ளையைப் பாத்து வைச்சிருக்கிறன். எனக்கு நல்லாய்ப் பிடிச்சிருக்கு. ஆனால் கட்டப்போறது நீ. உன்ரை விருப்பம் என்ன?”

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். பெயர், ஊர், பல்வரிசை எல்லாம் தொண்டைக்குள் முட்டிமோதின. ஒன்றையும் வெளியே விடவில்லை.

பிரவீனன் ஒரு முள்ளை எடுத்து ஆறுதலாகத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

“எனக்கும் விருப்பம் அம்மா.”

“ஆரெண்டு கேக்காமலே?”

அவனால் அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“நாங்கள் ஏரம்பண்ணையை உங்களிட்டை அனுப்பேக்கை, உங்களுக்குப் பொங்கல் வரைக்கும் இழுக்கும் எண்டுதான் நிலாந்தி சொன்னவள். நீங்கள் கார்த்திகையிலையே தேறிட்டியள் அம்மா!”