வால் எஞ்சினின் மனக்குறை

ஷாகிராவின் கணினி விளையாட்டில் ஒரு பயணிகள் விமானம் இருந்தது. அதன் வாலுக்குள் ஒரு குட்டி எஞ்சின். முதலில் விழிப்பது அதுதான். விமானத்துக்கு மின்சாரம் தரும். காற்றை ஊதி, இறக்கையில் தொங்கும் பெரிய எஞ்சின்களைச் சுழலவைக்கும். அவை ஓடத் தொடங்கியதும் ஷாகிரா குட்டியின் சுவிட்சை அணைத்துவிடுவாள். ஆனால் அது உடனே நிற்காது. சூடு ஆறும்வரை கொஞ்ச நேரம் ஓடும். அந்த நேரம் முழுக்கப் புலம்பல்தான்.

“பாத்தியா தம்பி,” என்றது இடது இறக்கை எஞ்சினிடம். “உன்னை எழுப்பிவிட்டது யாரு? நான். எனக்கு ஒரு நன்றி உண்டா?”

“நீங்க இல்லாட்டி நான் ஏதுண்ணே,” என்றது பெரிய எஞ்சின், அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு பணிவாக.

“நீ சொல்றே. மத்தவங்களுக்கு அந்தப் புத்தி வேணுமே! பின்னாடி ஒருத்தன் உழைக்கிறான்னு எவன் திரும்பிப் பாக்குறான்?”

அப்போது ஷாகிராவின் வீட்டில் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, ஃபிரிட்ஜ் அடங்கியது. கணினி மட்டும் அணையவில்லை. மேசைக்கடியில் தூசி படிந்து கிடந்த யூ.பி.எஸ். மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் தாங்கியது.

“பீப்... பீப்... ரொம்ப நேரம் தாங்க மாட்டேன்!” என்று அது கத்தியது.

“யார்ரா அது கீழே, பெரியவங்க பேசும்போது கத்துறது?” என்று சீறியது வால் எஞ்சின். “வாயை மூடு!”

கரண்ட் வந்தது. பீப் சத்தம் நின்றது.

“பாத்தியா, ஒரு அதட்டு போட்டதும் அடங்கிட்டான்,” என்று சொல்லிவிட்டு, திருப்தியாகத் தூங்கப் போனது வால் எஞ்சின்.