சக்ரபாணி இருக்கும் இடங்கள்

"இப்ப தேரடியை அழுத்துங்க சார்" என்றாள் அசீனா.

சக்ரபாணி மவுஸை நகர்த்தி அழுத்தினார். 'மாலை ஆறு முதல் ஏழு வரை இங்கே இருப்பேன்' என்று எழுத்து வந்தது. புதிதாகச் சேர்த்த இடமும் சரியாக வேலை செய்தது.

ராஜபாளையத்தில் அசீனா பிரௌசிங் சென்டர் திறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாரம் தவறாமல் பஸ் ஏறி வருகிறவர் இந்த ரிட்டையர்டு சர்வேயர் ஒருத்தர்தான். அவர் கையால் வரைந்த ஊர்ப் படத்தை அவருக்கென்று ஒரு வெப்சைட்டில் ஏற்றிக் கொடுத்ததும் அவள்தான். கோயில், லைப்ரரி, மடவார் வளாகத்து நண்பர் வீடு என்று எதை அழுத்தினாலும் அவர் அங்கே இருக்கும் நேரம் வரும். மனுஷன் சொன்ன நேரம் தப்பாதவர்.

இத்தனையும் ஒரே ஒருத்திக்காக. ஒன்பது வருஷத்துக்கு முன் மகள் ஸாவித்ரி அசீனாவின் அண்ணன் அய்யூபைக் கட்டிக்கொண்டு மஸ்கட் போனபோது, இனி என் கண்ணில் படாதே என்று தலை முழுகிவிட்டார். இப்போது வா என்று எழுதக் கை வரவில்லை. எங்கேயாவது எதிரே வந்து நின்றால் போதும் என்றுதான் இந்தப் படத்தைப் போட்டு, அதன் முகவரியை மட்டும் அசீனா மூலம் அனுப்பிவைத்தார்.

ஒரு வருஷமாகப் பதில் இல்லை. மனசு மரத்துப்போயிற்று. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்றுகூட இப்போதெல்லாம் தெரிவதில்லை. போன வாரம் நாள் கிழமை எதுவும் இல்லாமல் மனைவி அம்புஜவல்லி தொடர்ந்து நாலு நாள் அக்காரவடிசல் வைத்தாள். என்ன விசேஷம் என்று கேட்கத் தோன்றாமல் சாப்பிட்டு எழுந்தார்.

 அசீனா தயங்கித் தயங்கிச் சொன்னாள். அண்ணனும் மதினியும் போன வாரம் வந்திருந்தார்களாம். நாலு நாள் இருந்துவிட்டு நேற்றுத்தான் பிளேன் ஏறினார்களாம்.

சக்ரபாணி மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை.

"படத்தைப் பாத்தாளாம்மா?"

"பாத்தாவ சார். இதே சீட்லதான் உக்காந்து ஒவ்வொண்ணா அழுத்தி, நேரத்தை எல்லாம் ஒரு தாள்ல குறிச்சிக்கிட்டாவ."

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் நெஞ்சில் என்னவோ அசைந்தது. நாலு நாளும் நிமிஷம் பிசகாமல் அந்தந்த இடத்தில் இருந்தது ஞாபகம் வந்தது. அப்படியானால் தூர நின்றாவது பார்த்திருப்பாள்.

"பின்ன ஏம்மா வரல? பக்கத்துல வரக் கூச்சப்பட்டாளா?"

அசீனா கீபோர்டைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

"வந்தாவ சார். நீங்க லைப்ரரில இருக்குற நேரமாப் பாத்து, நாலு நாளும் வீட்டுக்கு வந்து, அம்மா கையால சாப்பிட்டுட்டுப் போனாவ."