சிமெண்ட் வைக்காத கல்

அந்த ஒரு கல் மட்டும் லொட்டென்றது.

இன்ஜினியரம்மா இன்னொரு தடவை விரலால் தட்டினாள். அவள் இன்ஜினியர் இல்லை, வீடுகளுக்குப் படம் போடுகிறவள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

கல் ஆடியது.

வேறு யார் சுவர் என்றாலும் திட்டிவிட்டுப் போயிருப்பாள். இது ரசமட்டத்தின் சுவர். நூல் பிசகினாலும் தானே இடித்துவிட்டு மறுபடி கட்டுகிறவள் என்பதால் மட்டம் பார்க்கிற கருவியின் பெயரையே மற்ற பெண்கள் அவளுக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள்.

இந்த வரிசை வீடுகளைக் கட்டுகிறவர்களும் பெண்கள், குடிவரப் போகிறவர்களும் அவர்களே. பத்திரமும் அவர்கள் பெயரில்தான். இன்றைக்குப் பரீட்சை. சுவர் தேறினால் கொத்தனார். தேறாவிட்டால் பழையபடி கலவைச் சட்டி சுமக்கிற சித்தாள்.

கல்லை உருவிச் சிமெண்ட் வைத்துவிடு, சின்ன வேலைதானே என்றாள் இன்ஜினியரம்மா.

ரசமட்டம் மாட்டேன் என்றாள். அப்படியானால் தேற முடியாதே என்றதற்கு, பரவாயில்லை, சட்டியே தூக்கிக்கொள்கிறேன் என்றாள்.

இதென்ன கூத்து? கொத்தனார் கரண்டி பிடிப்பதற்காக வீட்டில் அத்தனை பேரிடமும் மல்லுக்கு நின்றவள் ஆயிற்றே இவள்.

இன்ஜினியரம்மாவுக்குக் கோபம் போய்க் குடைச்சல் ஆரம்பித்தது. காற்றுக்கா? நகை ஒளித்துவைக்கவா? மெல்ல அசைத்துக் கல்லை உருவினாள். சுவரின் முழுக் கனத்துக்கும் குறுக்காக வைத்த கல். உருவியதும் அடுத்த வீட்டுச் சமையலறை தெரிந்தது.

அடுத்த வீடு ரசமட்டத்தின் அண்ணிக்கு. பக்கத்துப் பக்கத்தில்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கியவளும் ரசமட்டம்தான். நாத்தனார் ஒட்டுக்கேட்க வசதி பண்ணிக்கொள்கிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் கூடவே வேலைக்கு வந்துகொண்டிருந்தவள். கொஞ்ச நாளாகக் காணோம். உடம்பு சரியில்லை என்று அவள் புருஷன் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

அப்படியானால் அவர்கள் சிரித்தது நிஜம்தானா? இன்ஜினியரம்மாவுக்குச் சீ என்று ஆகிவிட்டது. ஒட்டுக்கேட்கவா என்று முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

ரசமட்டம் ஓட்டைக்குள் கையை விட்டாள். முழங்கைவரை போனது.

"ஒரு டம்ளர் நுழைஞ்சாப் போதும்மா. அண்ணிக்கு உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வெளிய பூட்டிட்டு, சாவியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போயிடுறாரு எங்க அண்ணன்."

இன்ஜினியரம்மா கல்லை இருந்த இடத்திலேயே பொருத்தினாள். இந்தச் சுவரைப் பூச வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ரசமட்டத்தின் கையில் கொத்தனார் கரண்டியைக் கொடுத்தாள்.

கம்பி வெட்டுகிற இடத்துக்குப் போய்ப் பெரிய சுத்தியலாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்தாள். அண்ணன் இப்போது குடியிருப்பது எந்தத் தெரு என்று கேட்டாள்.