அக்கா கொடுத்தனுப்பிய உப்புக்கண்டம்

"அந்த பாட்டிலை அப்படியே கீழ வைங்க. அடுப்புப் பக்கம் கொண்டு வராதீங்க!"

ஹெலன் போட்ட சத்தத்தில், வாணலியை எடுக்கப் போன டேவிட் அப்படியே நின்றுவிட்டான்.

கோலார் தங்கவயலில் இருக்கும் அக்கா அன்னம்மாளைப் பார்த்துவிட்டுக் காலை ரயிலில்தான் பெங்களூரு திரும்பியிருந்தான். காக்ஸ் டவுன் வீட்டில் செருப்பைக் கழற்றியதும் நேராகச் சமையலறைக்கு வந்துவிட்டான். கையில் ஒரு கண்ணாடி பாட்டில் நிறைய மாட்டுக்கறி உப்புக்கண்டம்.

"நாலு துண்டு பொரிச்சுக் குடுன்னு கேட்டா, என்னமோ பாம்பைக் கொண்டு வந்த மாதிரி கத்தறியே?"

"மூடியைப் பாருங்க. உள்பக்கம் தண்ணி கோத்து நிக்குது." ஹெலன் ஒரு துண்டை எடுத்து வளைத்தாள். அது ரப்பர் போல வளைந்து கொடுத்தது. "நல்லா காஞ்சிருந்தா மடக்கும்போதே நார் நாரா வெடிக்கும். ஒரு வாரமா ஒரே தூறல். வெயிலே இல்லாம கறி எப்படிக் காயும்?"

"மேல வெள்ளையா இருக்கு பாரு. உப்பு பூத்திருக்கு."

"உப்புன்னா விரல்ல கரகரங்கும். இது பஞ்சாட்டம் ஒட்டுது. பூஞ்சை!"

"அதனால என்ன? தொடைச்சிட்டு எண்ணெயில போட்டா எல்லாம் செத்துடும்."

"பூஞ்சை சாகும். அது கறிக்குள்ள விட்டுட்டுப் போற விஷம் சாகாது."

டேவிட் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். "எங்கக்கா ஆசை ஆசையா குடுத்தனுப்பினது. நீ கொட்டினது தெரிஞ்சா ஜென்மத்துக்கும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டா. நல்லா யோசிச்சுக்கோ."

ஹெலன் தயங்கினாள். கல்யாணப் பத்திரிகை ஒன்றில் பெயர் விட்டுப்போன தகராறில் நாத்தனாரும் அவளும் வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தவர்கள். போன கிறிஸ்துமஸுக்குத்தான் கட்டிப்பிடித்து அழுது ராசியானார்கள். அந்த உறவு மறுபடியும் அறுந்துவிடுமோ என்று பயந்தாள்.

ஆனாலும் பாட்டிலை எடுத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்கிட்டா அவங்க கால்ல விழுந்தாவது சமாதானம் பண்ணிக்குவேன். உங்களை ஆஸ்பத்திரியில போட்டுட்டு நான் யார் கால்ல போய் விழறது?"

பின்பக்கம் போய்க் குப்பைத்தொட்டியில் அத்தனையையும் கவிழ்த்தாள். மேலே பினாயிலையும் தாராளமாக ஊற்றினாள். புருஷன் மேல் அவ்வளவு நம்பிக்கை!

உள்ளே வந்தபோது அவளுடைய போன் அடித்தது. அன்னம்மாள்.

"குடு, நான் பேசிக்கறேன்!" டேவிட் பாய்ந்தான்.

ஹெலன் தரவில்லை. சாப்பிட்டோம், நன்றாக இருந்தது என்று ஒரு பொய் சொன்னால் போதும். ஆனால் அந்தப் பொய்யை நம்பி நாத்தனார் தன் வீட்டில் இருக்கும் மீதியைச் சாப்பிட்டுவிட்டால்? போனைக் காதில் வைத்தாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க குடுத்தனுப்பின உப்புக்கண்டம் சரியா காயலை. கொட்டிட்டேன்."



"அவன் ஒரு துண்டு கூட வாயில வைக்கலையே?" என்றாள் அன்னம்மாள் மெதுவாக.

"இல்ல அண்ணி. நான் விடலை."

"ஸ்தோத்திரம் கர்த்தாவே! இப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு ஹெலன். நான் எங்க குடுத்தனுப்பினேன்? கெட்டுப்போச்சேன்னு குப்பை வண்டியில போட வாசல்ல வச்சிருந்த பாட்டிலையில்ல உன் புருஷன் தூக்கிக்கிட்டு ரயிலேறிட்டான்!"