மணிலாச் சம்பந்தி

“அப்பா, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஒரு டெர்மினும் இல்லை, ஒரு அலுவலும் இல்லை. நான் கலண்டரைப் பார்த்திட்டன்” என்றான் கவிஷன்.

தபோதரன் தேநீரைக் குடித்தார். கவிஷனுக்கு மக்டலீனைக் கட்ட ஆசை. ஜெர்மனியின் ஹம் நகர மருத்துவமனையில் வேலை செய்யும் பிலிப்பீன்ஸ் தாதி அவள். அவளுடைய தாய் மணிலாவிலிருந்து வந்திருந்தார். அவர் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துச் சரி என்றால்தான் கல்யாணம். தபோதரனோ இரண்டு தடவை சந்திப்பைத் தள்ளிப்போட்டுவிட்டார்.

“மக்டலீனின்ர அம்மா சண்டைப்படப் பைத்தியம், அப்பா. அதைப் பற்றிக் கதைச்சாலே போதும். பிலிப்பீன்ஸிலை அந்தப் படங்களுக்கு எழுபது, எண்பதுகளிலை நல்ல காலமாம். ஏழைக் கதாநாயகன், பொலிஸ், கடத்தல்காரர். சண்டைப்பட நடிகர் ஒராள் பிறகு ஜனாதிபதியாவே வந்தவர்.”

“கதாநாயகனை லேசிலை சாகவிட மாட்டினம்” என்றார் தபோதரன். “சனம் பொறுக்காது.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“எல்லா ஊரிலும் அப்பிடித்தானே.”

கவிஷனின் தாய் ரஞ்சினி குசினியிலிருந்து வந்தாள். “இஞ்சை வாற வழியிலை ஏஜென்சிக்காரன் விட்டிட்டுப் போய், மணிலாவிலை எட்டு மாதம் கிடந்தனீங்கள். நல்ல சனம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். இப்ப அதிலை பொம்பிளை எடுக்க என்ன குறை?”

“குறை ஒண்டும் இல்லை.”

“அங்கை ஆரும் இருந்தவளோ?”

தபோதரன் தேநீர்க் கோப்பையைக் கழுவ எழுந்து போனார். இந்த மனிதருக்குப் பொய் சொல்லவும் வராது, உண்மை சொல்லவும் வராது.

ஞாயிறு காலை, ஊரிலிருந்தே கொண்டுவந்த மீசையை மழித்துவிட்டு வந்து நின்றார். ரஞ்சினி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வடையைப் பொரிக்கப் போனாள்.

மூன்று மணிக்கு மக்டலீனும் தாயும் வந்தார்கள். அந்த அம்மா ரஞ்சினியைக் கட்டிப்பிடித்தார். கவிஷனின் கன்னத்தைத் தட்டினார். பிறகு தபோதரனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தபோதரன் தரையைப் பார்த்தார். அந்த அம்மாவின் கண்கள் கலங்கின. கைப்பையை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார்.

“முடிஞ்சுது” என்றாள் ரஞ்சினி. அவளுக்கு அழுகை வந்தது. மகனுக்காகவா தனக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

மக்டலீன் ஓடிப்போய்த் தாயை மறித்தாள். தாய் தபோதரனை நோக்கி விரலை நீட்டி, அவர்கள் மொழியில் நெடுநேரம் பேசினார். மக்டலீன் அதைக் கவிஷனுக்கு டொச் மொழியில் சொன்னாள். கவிஷன் அதைத் தமிழில் சொன்னான்.

“பழைய மணிலாப் படம் ஒண்டிலை அவவின்ர கதாநாயகன் சேர்ச்சிலை முழங்காலிலை நிண்டு கும்பிட்டுக்கொண்டு இருந்தவராம். அவரை ஏனப்பா முதுகிலை சுட்டனீங்கள் எண்டு கேக்கிறா.”

தபோதரன் தலையை நிமிர்த்தினார். “டைரக்டர் சொன்னவர்” என்றார். “சுட்டால்தான் மத்தியானச் சாப்பாடு எண்டும் சொன்னவர்.”